மறுவாழ்வுப் பிரிவில் தொங்கும் சலைன் பாட்டில்

பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் தலைமாட்டில் சலைன் பாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் வரை சிகிச்சை நடக்கிறது என்று குடும்பத்தார் நிம்மதியாக இருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, இனிமேல் பயிற்சிதான் என்று சொல்லும் நாளில் அவர்கள் முகம் மாறிவிடுகிறது. மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை சிகிச்சையாளனாக வேலை செய்யும் எனக்கு இந்த மாற்றம் நன்கு பழக்கமானது. "குளுக்கோஸ் ஏத்தாம எப்படி சார் தெம்பு வரும்?" என்று கேட்காத குடும்பம் அரிது. மருந்து எழுதுவது என் வேலை அல்ல. ஆனால், அந்தக் குழாயோடு பிணைக்கப்பட்ட உடலை எழுப்பி உட்கார வைப்பதும், நிற்க வைப்பதும், நடக்க வைப்பதும் என் வேலை என்பதால், டிரிப்பின் நன்மையையும் தொல்லையையும் மிக அருகில் இருந்து பார்க்கிறேன். மறுவாழ்வுக் கட்டத்தில் ஓடும் டிரிப், ஒவ்வொரு நாள் காலையிலும் தான் ஏன் இன்னும் ஓட வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டியாக வேண்டும் என்பதே என் கருத்து. காரணம் இருக்கும் நாள்களும் உண்டு, இல்லாத நாள்களும் உண்டு.

முதல் சில மணி நேரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அங்கே சிரை வழியாகச் செலுத்தும் மருந்தின் இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. இரத்தக் கட்டி அடைத்ததால் வரும் பக்கவாதத்தில் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்து பயனளிக்கிறது என்பது 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நிறுவப்பட்டது. மூன்று மணி நேரமாக இருந்த கால எல்லை 2008-இல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு நான்கரை மணி நேரமாக நீண்டது. அந்த மருந்தை ஏற்றிய அடுத்த 24 மணி நேரம் இரத்த அழுத்தம் 180/105-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், அளவிட்டுச் செலுத்தும் பம்புகளும் குழாய்களும் உடலைச் சூழ்ந்திருப்பது இயல்பே. அந்த நாளில் நோயாளி படுத்தே இருக்கிறாரே என்று வருந்த வேண்டியதும் இல்லை. 2015-இல் வெளியான ஏவெர்ட் ஆய்வு 2100-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டது. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் நீண்ட நேரமும் எழுப்பிப் பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடச் சற்றுக் குறைவாகவே தேறினார்கள். அதே ஆய்வின் பிற்கால அலசலில், குறுகிய நேரப் பயிற்சியைப் பல முறை கொடுப்பதே நல்லது என்று தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நாளெல்லாம் ஓடும் டிரிப் முதலில் கெடுப்பது இந்த ‘பல முறை’ என்பதைத்தான்.

குளுக்கோஸ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பக்கவாதத்தின் தொடக்க நாள்களில் வெறும் குளுக்கோஸ் நீரைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். உடலுக்குள் போனவுடன் சர்க்கரை எரிந்துவிட, மிஞ்சுவது உப்பில்லாத தண்ணீர். அது இரத்தத்தைவிட நீர்த்ததாக இருப்பதால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூளைத் திசுவுக்குள் இறங்கி வீக்கத்தைக் கூட்டக்கூடும். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் காயம்பட்ட மூளைக்கு நல்லதல்ல. எனவே, சர்க்கரை தாழ்ந்துபோனாலொழிய, 0.9 சதவீத சலைனையே தேர்ந்தெடுக்கிறார்கள். மருத்துவக் காரணத்தை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் தெம்பு என்ற எதிர்பார்ப்பு நிற்காது. 5 சதவீத குளுக்கோஸ் ஒரு லிட்டரில் 50 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 200 கலோரியைத் தாண்டாது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 1500 கலோரிக்கு மேல் தேவைப்படும்போது, இந்தப் பாட்டில் அதில் ஏழில் ஒரு பங்கைக்கூடத் தேற்றித் தருவதில்லை. புரதம் அறவே கிடையாது. சலைனிலோ ஒரு கலோரியும் இல்லை. லிட்டருக்கு 9 கிராம் உப்பு மட்டுமே உண்டு. இரண்டு லிட்டர் ஏற்றினால் 18 கிராம் உப்பு உள்ளே போகிறது, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த எண் சிறிது அதிர்ச்சி தரும்.

தெம்பு வேண்டுமென்றால் உணவு குடலுக்குப் போக வேண்டும். விழுங்க முடியாதவருக்கு மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாய்தான் அதற்கு வழி. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிக்கல் இருக்கிறது. 2005-இல் வெளியான ஃபுட் ஆய்வு, முதல் வாரத்திலேயே குழாய் உணவைத் தொடங்குவது இறப்பைக் குறைக்கக்கூடும் என்று சுட்டியது. வயிற்றில் துளையிட்டு அவசரமாகக் குழாய் பொருத்துவதைவிட முதலில் மூக்குக் குழாயே மேல் என்றும் காட்டியது. மூக்குக் குழாயைக் கண்டால் குடும்பத்தார் கலங்குகிறார்கள், கையில் ஓடும் டிரிப்பைக் கண்டால் ஆறுதல் அடைகிறார்கள். பயிற்சி கொடுப்பவனாக நான் இதை நேர்மாறாகப் பார்க்கிறேன். பத்து நாள் சலைனிலேயே கிடந்தவரின் தொடைத் தசை என் கைக்குள் மெலிந்துபோயிருப்பதை உணரும்போது, அந்தத் தசையை மீட்பதற்கான மூலப்பொருள் எந்தப் பாட்டிலிலும் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இப்படியெல்லாம் சொல்வதால் நான் டிரிப்புக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். மறுவாழ்வுப் பிரிவில் மருத்துவரிடம் போய் ‘இவருக்குத் திரவம் ஏற்ற முடியுமா என்று பாருங்கள்’ என்று நானே கேட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கெட்டிப்படுத்திய நீரை மட்டுமே குடிக்கும் நோயாளிகளைப் பற்றியவை. விழுங்கும்போது நீர் மூச்சுக்குழலுக்குள் சறுக்கிவிடாமல் இருக்க, விழுங்குதல் சிகிச்சையாளர் அதில் மாவு போன்ற பொடியைக் கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார். நியாயமான பாதுகாப்புதான். ஆனால், அந்தக் கூழ் தாகத்தைத் தணிப்பதில்லை. வாயில் ஒட்டுகிறது, சுவை கெடுகிறது, இரண்டு மடக்குக்குப் பிறகு நோயாளி தலையைத் திருப்பிக்கொள்கிறார். பேச்சு இழந்தவராக இருந்தால் தாகம் என்று கேட்கவும் அவரால் முடியாது. இடப்பக்கத்தையே உணராத நிலையில் இருப்பவருக்கு இடப்புறம் வைத்த குவளை இல்லாத குவளையே. ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் என்ற இலக்கில் பாதியைக்கூட எட்டாமல் நாள்கள் நகர்கின்றன. யாரும் கவனிக்காமலேயே உடல் வறளுகிறது.

அந்த வறட்சி என் பயிற்சிக் கூடத்தில்தான் முதலில் வெளிப்படுகிறது. முந்தின நாள் இருவர் தாங்கலில் நின்றவர், மறுநாள் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்த மறுகணமே வெளிறிப்போய்ப் பின்னால் சாய்கிறார். படுத்திருக்கும்போதும் எழுந்த பிறகும் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால், மேல் எண் 20-க்கு மேல் இறங்கியிருக்கும். பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை, மனச்சோர்வு, சோம்பல் என்றெல்லாம் குறிப்பேட்டில் எழுதப்படும் நாள்களில் சில, வெறும் நீர்ப்பற்றாக்குறை நாள்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அந்தி நேரக் குழப்பம், காலில் இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கும் இதே வறட்சி துணை போகிறது. இரத்தத்தில் யூரியாவும் சோடியமும் ஏறியிருப்பதைப் பரிசோதனை காட்டிவிட்டால், இரண்டு நாள் அளவாகச் சலைன் ஏற்றியதும் அதே நோயாளி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்த இரண்டு நாளில் டிரிப் செய்த வேலையை என்னுடைய எந்தப் பயிற்சியும் செய்திருக்காது.

ஆனால் மூன்றாம் நாளும் அதே வாயும் அதே கூழும்தான் காத்திருக்கின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. காரணத்தைத் தொடாமல் திரவம் மட்டும் ஏற்றினால், ஒரு வாரத்தில் மீண்டும் ஊசி குத்த வேண்டியதுதான். யார், எந்த நேரத்தில், எத்தனை மில்லி குடிக்கக் கொடுப்பது என்ற அட்டவணை. நிமிர்ந்து உட்கார வைத்துக் கொடுத்தல். பார்வை எட்டும் பக்கத்தில் குவளை. குழாய் உணவு உள்ளவர்களுக்கு அதன் வழியாகவே கூடுதல் நீர். இவை அனைத்தும் டிரிப் ஓடும் அதே இரண்டு நாளுக்குள் ஏற்பாடாகிவிட வேண்டும். சில மறுவாழ்வு மையங்கள், அமெரிக்காவின் லூயிவில் நகரிலுள்ள ஃபிரேசியர் மையத்தில் உருவான முறையைப் பின்பற்றி, வாயை நன்கு துலக்கிய பிறகு உணவு வேளைகளுக்கு இடையில் சாதாரண நீரையே கொடுக்கின்றன; சுத்தமான வாயிலிருந்து சிறிது தூய நீர் நுரையீரலுக்குள் போனாலும் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும், கிருமிகளோடு போனால்தான் தொற்று என்பது அதன் அடிப்படை. எல்லாருக்கும் ஏற்றதல்ல, விழுங்குதல் சிகிச்சையாளர் பார்த்துச் சொன்னவர்களுக்கு மட்டும்.

உப்புகளைப் பற்றியும் ஒரு சொல். சலைனில் பொட்டாசியம் இல்லை. சரியாகச் சாப்பிடாதவருக்கு நாள்கணக்கில் அதை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் பொட்டாசியம் தாழ்ந்து, நல்ல பக்கக் கை கால்களும் துவளத் தொடங்கும். பக்கவாதமே மீண்டும் வந்துவிட்டதோ என்ற பதற்றம் அங்கே தொடங்குகிறது. மூளை பாதிப்புக்குப் பிறகு சோடியம் தாழ்வதும் நடக்கிறது. உடல் நீரைத் தேக்கிக்கொள்வதால் தாழ்ந்ததா, சிறுநீரில் உப்பை இழப்பதால் தாழ்ந்ததா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை நேரெதிராக மாறும். முன்னதற்குத் திரவத்தைக் குறைக்க வேண்டும், பின்னதற்குக் கொடுக்க வேண்டும். வேகமாகச் சரிசெய்வது மூளைத்தண்டையே சேதப்படுத்தக்கூடும் என்பதால் மெதுவாகவே உயர்த்துவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோல் தெரியலாம், ஆனால் ‘ஒரு சலைன் போட்டுவிடுங்கள்’ என்று போகிறபோக்கில் கேட்கக்கூடிய பொருள் அல்ல அது. இதயம் தளர்ந்தவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு அரை லிட்டரும் நுரையீரலில் நீராகத் தேங்கக்கூடும். மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது, கணுக்கால் வீங்குகிறது என்றால் பயிற்சியை நிறுத்திச் செவிலியரைக் கூப்பிடுவதே என் முதல் வேலை.

இனி, ஊசியை எந்தக் கையில் குத்துவது என்ற கேள்வி. சிறிய கேள்வியாகத் தோன்றினாலும் மறுவாழ்வில் இதைவிடப் பெரிய கேள்விகள் சிலவே. செயலிழந்த கை சும்மாதானே கிடக்கிறது, அதில் குத்தினால் நல்ல கை விடுதலையாக இருக்குமே என்று தோன்றும். அது ஆபத்தான வசதி. அந்தக் கையில் தசைகள் இயங்காததால் இரத்தமும் நிணநீரும் மேலே திரும்புவது மெதுவாகி, ஏற்கெனவே வீங்கும் இயல்போடு இருக்கிறது. உணர்வு குறைந்திருந்தால், ஊசிக்குழல் சிரையை விட்டு விலகித் திரவம் தோலுக்கடியில் நிரம்பினாலும் நோயாளிக்கு எரிச்சல் தெரியாது. தெரிந்தாலும் சொல்லப் பேச்சு இருக்காது. காலையில் போர்வையை விலக்கும்போது விரல்கள் மடங்காத அளவுக்கு உப்பியிருக்கும் புறங்கையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த வீக்கம் வடிய ஒரு வாரம், அதற்குள் இறுகிப்போன விரல் மூட்டுகளைத் தளர்த்தப் பல வாரம். தளர்ந்த தோள்மூட்டு வேறு இருக்கிறது. சட்டையின் கை வழியாகக் குழாயை நுழைக்கும் அவசரத்தில் அந்தக் கையை இழுத்துவிட்டால் தோள் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். ஆகவே, வேறு வழியே இல்லையென்றால் ஒழிய, செயலிழந்த கையைத் தவிர்ப்பதுதான் முறை.

நல்ல கையில் குத்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? மணிக்கட்டுக்கு அருகே புறங்கையில் குத்தினால் கைத்தடியை அழுத்திப் பிடிக்க முடியாது. படுக்கையில் கையூன்றி எழ முடியாது. முழங்கை மடிப்பில் குத்தினால் கையை மடக்கிச் சோறு உண்ண முடியாது, மடக்கினால் ஓட்டம் நின்று பம்பு கூவும். ஒரு பக்கத்தைப் பக்கவாதம் கட்டிப்போட்டிருக்க, மறு பக்கத்தை நாம் கட்டிப்போடுகிறோம். முன்கையின் நடுப்பகுதியே ஓரளவு எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. ஊசி குத்துவதற்கு முன் ‘இவர் எந்தக் கையால் தடியைப் பிடிப்பார்?’ என்று கேட்கும் செவிலியர் ஒருவர் எங்கள் பிரிவில் இருக்கிறார். அவர் பணி நாளில் என் வேலை பாதியாகக் குறைகிறது.

அடுத்தது டிரிப் தாங்கும் தள்ளுகம்பி. ஒரு பக்கம் செயலிழந்தவர் நல்ல கையால் அதைப் பற்றிக்கொண்டு கழிப்பறைக்குக் கிளம்புவதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்கிறது. அது ஊன்றுகோல் அல்ல. சக்கரம் வைத்தது, பாரம் போட்டால் நழுவி ஓடுவது. குழாயோ காலில் சிக்கக் காத்திருக்கிறது. திரவம் ஏறுவதால் சிறுநீர் அடிக்கடி முட்டுகிறது, எனவே அவசரம் கூடுகிறது. மறுவாழ்வுப் பிரிவில் நோயாளி தவறி விழுவதற்குத் தேவையான எல்லாமே அங்கே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

இதற்கு நான் வலியுறுத்தும் ஏற்பாடு எளியது: திரவத்தை நாள் முழுதும் சொட்டவிடாமல், பயிற்சி இல்லாத நேரத்தில் மட்டும் ஓட்டி முடித்து, ஊசிக்குழலைச் சலைனால் கழுவி மூடிவிட வேண்டும். ஒரு லிட்டரை எட்டு மணி நேரத்தில் ஏற்ற மணிக்கு 125 மில்லி, அதாவது மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரணக் குழாயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு போதும். முழு இரவும் ஓட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அப்போது இரவெல்லாம் சிறுநீர் கழிக்க எழுந்து, தூக்கம் கெட்டு, மறுநாள் பயிற்சியும் கெடும். மாலைப் பயிற்சி முடிந்ததும் தொடங்கி நள்ளிரவுக்குள் முடிவதாக அமைத்தால் இரண்டு தொல்லையும் ஓரளவு குறைகின்றன. முதிய நோயாளிகளில் சிரையே அகப்படாதவர்களுக்குத் தோலடி வழியும் இருக்கிறது: தொடையிலோ வயிற்றிலோ சிறு ஊசியைச் செருகி, ஒரே இடத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் சலைனை மெதுவாக இறக்கலாம். அவசர நிலைக்கு அது உதவாது, லேசான வறட்சிக்கு நன்றாக உதவும். இரண்டு கைகளும் விடுதலையாக இருக்கும் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு.

கடைசியாக, நரம்பை வளர்க்கும் என்று சொல்லி ஏற்றப்படும் மருந்துகள். பணமும் நம்பிக்கையும் அதிகம் கரைவது இங்கேதான். சிட்டிகோலைன் பல ஆண்டுகளாகப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. 2298 நோயாளிகளோடு நடந்து 2012-இல் வெளியான ஐக்டஸ் ஆய்வில், முதல் மூன்று நாள் சிரை வழியாகவும் பிறகு வாய் வழியாகவும் ஆறு வாரம் கொடுத்தும், வெற்று மருந்தைவிட அது மேலானதாகத் தெரியவில்லை. எடரவோன் ஜப்பானில் 2001-இலிருந்து பக்கவாதத்துக்கு அனுமதி பெற்ற மருந்து. அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த அனுமதி தசைகளைச் சிதைக்கும் வேறொரு நரம்பு நோய்க்கு மட்டுமே. பன்றி மூளையிலிருந்து தயாரிக்கப்படும் செரிப்ரோலைசின் பற்றி அறிஞர்களே இரண்டுபட்டு நிற்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பாய்வு அதில் பயன் காணவில்லை. 2021-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலோ, கை கால் இயக்க மீட்சிக்காகத் தொடக்கத்திலேயே குறைந்தது பத்து நாள் சிரை வழியாகக் கொடுக்கலாம் என்று, வலுவற்ற பரிந்துரை என்ற குறிப்போடு சொல்லியிருக்கிறது. ஆகவே மருத்துவர் அதை எழுதினால் நான் முகம் சுளிப்பதில்லை. ஆனால் பாதிப்பு நேர்ந்து ஓர் ஆண்டு கடந்தவரின் குடும்பம் கடன் வாங்கி அதைப் போட நினைத்தால், அந்தப் பணம் பயிற்சிக்கும் குளியலறைக் கைப்பிடிகளுக்கும் போகட்டும் என்றே சொல்வேன்.

தண்டுச்செல் (ஸ்டெம் செல்) டிரிப் பற்றியும் கேட்கிறார்கள். நோயாளியின் சொந்த எலும்பு மச்சையிலிருந்து எடுத்த செல்களைச் சிரை வழியாகச் செலுத்தி, 120 பேரிடம் இந்தியாவில் ஐந்து மையங்களில் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. பாதுகாப்பில் குறையில்லை, மீட்சியில் வேறுபாடும் இல்லை என்பதே அதன் முடிவு. ஜப்பானில் வேறு வகைச் செல்களைக் கொண்டு நடந்து 2024-இல் வெளியான ஆய்வும் தன் முதன்மை இலக்கை எட்டவில்லை. ஆராய்ச்சி தொடரட்டும், முறையான ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்குவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால், விலைப்பட்டியலோடு வரும் தண்டுச்செல் சிகிச்சையை அடையாளம் காண்பது கடினமல்ல. இந்த மருந்துகளுக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு விலையும் இருக்கிறது. இரண்டு மணி நேர டிரிப் காலை பத்து மணிக்கு ஓடினால், மூளை தன்னைத் திருத்திக்கொள்ள மிகவும் முனைப்பாக இருக்கும் அந்த முதல் மாதங்களில், நாளின் மிகச் சிறந்த பயிற்சி நேரம் போய்விடுகிறது. மருந்து பயன் தருமா என்பதில் ஐயம் உண்டு. பயிற்சி இழப்பில் ஐயம் இல்லை.

டிரிப்பை நிறுத்தும் முடிவை நாங்கள் குடும்பத்தாரிடம் அறிவிப்பாகச் சொல்லாமல், கணக்கு காட்டிச் சொல்லப் பழகிக்கொண்டோம். நேற்று வாய் வழியாகவும் மூக்குக் குழாய் வழியாகவும் எத்தனை மில்லி போனது, சிறுநீர் எவ்வளவு, இரத்தப் பரிசோதனையில் சோடியமும் பொட்டாசியமும் எங்கே நிற்கின்றன, உட்கார்ந்ததும் அழுத்தம் இறங்குகிறதா என்று நான்கு எண்களை அவர்கள் முன் வைத்தால், பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஓட்டம் நின்ற பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஊசிக்குழலை மட்டும் கையில் விட்டுவைக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். பயன்படாத ஊசிக்குழல் தொற்றுக்கு ஒரு திறந்த வாசல். எடுத்த பிறகும் அந்த இடத்தை இரண்டு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சிவந்து, சூடாகி, சிரை கயிறு போலத் தடிக்கும் அழற்சி, ஊசியை எடுத்து 48 மணி நேரத்துக்குள்ளும் தலைகாட்டக்கூடும். பேச முடியாத நோயாளிக்கு அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்தான்.